ஒரே டிஸ்க்குக்கு ஏன் இத்தனை கணக்குகள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1 டிபி என்று அச்சிட்ட ஹார்ட் டிஸ்க்கை வாங்கி மாட்டினால் கணினி 931 ஜிபி மட்டுமே காட்டுவது ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருந்ததற்கு, ஃபார்மட் செய்யும்போது மீதி இடம் செலவாகிவிடுகிறது என்ற பதில் சென்ற வாரம் தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் வெளியாகியிருந்தது. கும்பகோணத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணினி பழுது பார்க்கும் கடை நடத்திவருபவன் என்ற முறையில், அந்தப் பதில் சரியல்ல என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன். அத்துடன், அந்த வாசகர் கண்டது ஒரு பெரிய குறையின் ஓரம் மட்டுமே என்பதால், அந்தக் குறையைப் பற்றியும் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

ஃபார்மட்டுக்குச் செலவாகும் இடம் மிகக் குறைவு. 1 டிபி டிஸ்க்குகளில் பெரும்பாலானவற்றில் 512 பைட் கொண்ட செக்டர்கள் (தரவைப் பிரித்து வைக்கும் சிறு துண்டுகள்) 1,953,525,168 இருக்கும். பெருக்கினால் 1,000,204,886,016 பைட். பெட்டியில் அச்சிடும் நிறுவனம் இதை ஆயிரம் ஆயிரமாக வகுத்து 1 டிபி என்கிறது. விண்டோஸ் இதையே 1024, 1024 ஆக வகுத்து 931 என்கிறது, ஆனால் பக்கத்தில் ஜிபி என்ற அதே பெயரைப் போடுகிறது. 1024 கணக்குக்குக் கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட், டெபிபைட் எனத் தனிப் பெயர்களைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-லேயே வகுத்துக் கொடுத்துவிட்டது. ஆப்பிள் 2009-ல் தன் மேக் கணினிகளை ஆயிரத்தால் வகுக்கும் முறைக்கு மாற்றிக்கொண்டது. விண்டோஸ் மாறவில்லை. இடம் எங்கும் போய்விடவில்லை, அளந்த படிதான் வேறு. (நாம் முன்பு பயன்படுத்திய 1.44 எம்பி ஃபிளாப்பியில் 1,474,560 பைட் இருந்தது. அது 1000-க் கணக்கும் அல்ல, 1024-க் கணக்கும் அல்ல. இரண்டையும் ஒவ்வொரு முறை பெருக்கிக் கிடைத்த கலப்புக் கணக்கு.)

பெயரில் மட்டும் உள்ள இந்தக் குழப்பத்தால் எவருடைய கோப்பும் அழிந்துவிடுவதில்லை. ஆனால் டிஸ்க்குக்கும் இயங்குதளத்துக்கும் நடுவில் நின்று பேசுகிற டிரைவர் என்னும் மென்பொருளிலும், அதைச் சுற்றியுள்ள கருவிகளிலும் இதே குழப்பம் இருக்கும்போது விளைவு அத்தனை லேசாக இருப்பதில்லை. ஒரு டிஸ்க்கின் அளவு, வெப்பம், ஓடிய நேரம், எழுதும் முறை ஆகியவற்றைக் கேட்டறியப் பல வாசல்கள் உள்ளன. இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் காட்டும் சிறு கோப்புகளைப் படிக்கலாம், நிரலிலிருந்து நேரடி அழைப்பு விடுக்கலாம், டிஸ்க்குக்கே கட்டளை அனுப்பிக் கேட்கலாம். எந்த வாசலில் கேட்டாலும் ஒரே பதில் வரவேண்டும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். அப்படி வருவதில்லை என்பதே என் முறையீடு.

முதலில் என் கடைக்கு வந்த ஒரு டிஸ்க்கைச் சொல்கிறேன். திருமணப் படங்கள் எடுக்கும் ஸ்டுடியோக்காரர் ஒருவர், யூஎஸ்பி கேசிங்கில் போட்டு நான்கைந்து ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்த ஒரு பெரிய டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வந்தார். கேசிங்கின் யூஎஸ்பி முனை ஆடிப்போனதால், உள்ளே இருந்த டிஸ்க்கை எடுத்து மேசைக் கணினிக்குள் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளில் நேராக மாட்டியிருக்கிறார். பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பிரிவு) எதையும் காணவில்லை, ஃபார்மட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டிருக்கிறது. டிஸ்க் போய்விட்டது, ஃபார்மட் செய்துதான் ஆகவேண்டும் என்று வேறொரு இடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் என் மேசையில் அதை வைத்தபோது கை நடுங்கியது. ஆறு குடும்பங்களுக்கு இன்னும் ஆல்பம் கொடுத்து முடிக்கவில்லை என்றார்.

டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை. அது 512 பைட் செக்டராகத் தன்னை அறிவித்துக்கொள்ளும் டிஸ்க். ஆனால் கேசிங்கில் இருந்த சிப், அதைக் கணினியிடம் 4096 பைட் செக்டர் என்று சொல்லிவந்திருக்கிறது. பழைய முறைப் பார்ட்டிஷன் அட்டவணையில் செக்டர் எண்ணுக்கு 32 பிட் மட்டுமே இடம் உண்டு. 512 பைட் கணக்கில் அது இரண்டு டெபிபைட்டோடு நின்றுவிடும். அந்த வரம்பைத் தாண்டவே சில கேசிங்குகளில் செக்டரை எட்டு மடங்காகக் காட்டும் வழியைக் கையாண்டார்கள். ஸ்டுடியோக்காரரின் அட்டவணையில் பார்ட்டிஷன் 256-ஆவது செக்டரில் தொடங்குவதாக எழுதியிருந்தது. கேசிங்கின் கணக்கில் அது 1,048,576-ஆவது பைட். நேராகச் சாட்டாவில் மாட்டியதும் அதே 256, 131,072-ஆவது பைட் ஆகிவிட்டது. கணினி தவறான இடத்தில் போய்த் தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தில், ஒரு டிஸ்க்கை வேறொரு டிஸ்க்காகக் காட்டும் லூப் சாதனத்தை 4096 பைட் செக்டர் என்று சொல்லி அதன் வழியாகத் திறந்தேன். படங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. அன்று அவர் ஃபார்மட் என்ற பொத்தானை அழுத்தியிருந்தால், அந்தக் குடும்பங்களுக்கு யார் பதில் சொல்வது?

கேசிங்கை மட்டும் குறைசொல்லி நிறுத்திக்கொள்ள முடியாது. கர்னலுக்குள்ளேயே இதே நிலை உண்டு. 4096 பைட் செக்டர் கொண்ட 4 டிபி டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கிடமே நேராகக் கேட்டால் செக்டர் எண்ணிக்கை 976,754,646 என்று வரும். லினக்ஸ் கர்னல் அதே டிஸ்க்குக்குக் காட்டும் 'சைஸ்' என்ற கோப்பில் 7,814,037,168 என்று இருக்கும். காரணம், அந்தக் கோப்பு டிஸ்க்கின் செக்டர் எதுவாக இருந்தாலும் எப்போதும் 512 பைட் கணக்கிலேயே எண்ணும். இரண்டும் அதனதன் கணக்கில் சரியே. ஆனால் 'சைஸ்' என்ற பெயரில் அந்த 512 எங்கே இருக்கிறது? செக்டரின் அளவைத் தரும் இன்னொரு கோப்பு பக்கத்திலேயே இருந்து 4096 என்று சொல்லும்போது, இரண்டையும் பெருக்கத்தானே எவருக்கும் தோன்றும்? பெருக்கினால் 4 டிபி டிஸ்க் 32 டிபி ஆகிவிடும். கண்காணிப்பு நிரல் எழுதிய ஓர் இளைஞர், டிஸ்க் நிரம்பவே இல்லை என்று அது சொல்லிக்கொண்டிருக்கையில் சர்வர் நிரம்பி நின்றது எப்படி என்று என்னிடம் கேட்டபோது, அவருடைய நிரலில் இருந்தது இந்த ஒரு பெருக்கல்தான்.

நிரல் கேட்பதற்கு முன்பே கர்னல் டிஸ்க்கிலிருந்து முன்கூட்டிப் படிக்கும் அளவு என்று ஒன்று உண்டு. ஒரு வாசலில் கேட்டால் 128 என்று வரும், இன்னொரு வாசலில் கேட்டால் 256. முன்னது கிலோபைட், பின்னது 512 பைட் துண்டு. இதில் முதல் கோப்பின் பெயரிலேயே 'கேபி' என்று அலகு ஒட்டியிருப்பதால் அது பிழைத்துக்கொள்கிறது. இரண்டாவது கட்டளைக்கு அந்த வசதி இல்லை. 128 வைக்க நினைத்து அதில் 128 கொடுத்தவருக்குக் கிடைப்பது பாதிதான்.

வெப்பத்துக்கு வருகிறேன். சுழலும் தகடு இல்லாத டிஸ்க்குகளான எஸ்எஸ்டிகளில், இப்போது விற்பனையாகும் என்விஎம்ஈ என்ற தரநிலையைச் சேர்ந்தவை, அந்தத் தரநிலைப்படி, தங்கள் வெப்பத்தைக் கெல்வினில் முழு எண்ணாகச் சொல்கின்றன. 311 கெல்வின் என்று டிஸ்க் சொன்னால், ஸ்மார்ட் தகவலை (டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே தரும் விவரம்) படிக்கும் கருவி 273-ஐக் கழித்து 38 டிகிரி செல்சியஸ் என்று காட்டுகிறது. 2020 ஜனவரியில் வந்த லினக்ஸ் 5.5 முதல் கர்னலின் வெப்பக் கண்காணிப்புப் பகுதியும் இந்த டிஸ்க்குகளை நேராகப் படிக்கிறது. அந்த வழியில் கழிபடுவது 273.15. அதனால் 37.85 கிடைத்து, திரையில் 37.9 என்று வரும். ஒரே நொடியில் ஒரே டிஸ்க்குக்கு இரண்டு வெப்பம். வேறுபாடு அற்பம் என்று சொல்வார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 36.85, 37.85, 38.85 என்று அந்தத் தசமம் எந்நாளும் மாறாமல் நிற்பதைக் கவனியுங்கள். டிஸ்க் தராத நுட்பத்தைத் தந்ததுபோல் அது காட்டுகிறது. முழு கெல்வினை முழு செல்சியஸாகச் சொல்வதே நேர்மை என்பது என் கருத்து. இதை மறுப்பவர்களும் இருக்கலாம், இயற்பியல்படி 273.15-தான் சரி என்று அவர்கள் சொன்னால் அதற்கும் பதில் சொல்ல முடியாது. ஏதாவது ஒன்றை முடிவு செய்து இரண்டு வாசலிலும் அதையே வைத்துக்கொண்டால் போதும்.

இதே பகுதியில் இன்னொன்று உண்டு, அது அற்பமல்ல. பொறியியல் கல்லூரி மாணவி ஒருவர் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பதறி வந்தார். டிஸ்க்கின் ஒரு சென்சாருக்கு எதிரே தாழ் வரம்பு -273.1 டிகிரி என்றும், உச்ச வரம்பு 65261.8 டிகிரி என்றும் திரையில் இருந்தது. கணக்கு இதுதான்: 16 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 65,535. அதிலிருந்து 273.15-ஐக் கழித்தால் 65,261.85. தாழ் வரம்பு சுழியம் கெல்வின். அதாவது அந்தச் சென்சாருக்கு வரம்பு என்று எதுவுமே வைக்கப்படவில்லை. வைக்கப்படவில்லை என்பதைச் சொல்ல ஒரு வழி வேண்டும். அது இல்லாமல், வெற்று இடத்தை ஓர் எண்ணாக்கி, அதையும் செல்சியஸுக்கு மாற்றி, தசமப் புள்ளியோடு காட்டுவது எந்த வகையில் நியாயம்? அந்த வரம்பை நம்பி எச்சரிக்கை மணி அமைப்பவருக்கு அந்த மணி என்றைக்கும் அடிக்காது.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகுந்த கவலை தருவது எழுதும் முறை பற்றிய விவரம்தான். டிஸ்க்குக்குள் ஒரு சிறு நினைவகம் உண்டு. எழுதச் சொன்னதை முதலில் அதில் வாங்கி வைத்துக்கொண்டு, எழுதிவிட்டேன் என்று டிஸ்க் பதில் சொல்லிவிடும். கரண்ட் போனால் அந்த நினைவகத்தில் இருப்பது போய்விடும் என்பதால், முக்கியமான இடங்களில் கர்னல், உள்ளே இருப்பதை உடனே இறக்கி எழுது என்று தனியாக ஒரு கட்டளை அனுப்பும். வங்கிக் கணக்காக இருந்தாலும் மளிகைக் கடைப் பற்றுவரவாக இருந்தாலும், தரவுத்தளம் தைரியமாக இருப்பது இந்த ஒரு கட்டளையை நம்பித்தான்.

இந்த நினைவகம் இயங்குகிறதா என்று கேட்க லினக்ஸில் மூன்று வாசல்கள் உள்ளன. டிஸ்க்கிடமே கட்டளை மூலம் கேட்கலாம். கர்னலில் டிஸ்க் கட்டளைகளைக் கையாளும் ஸ்கசி அடுக்கில் உள்ள கோப்பைப் படிக்கலாம். அதில் எழுதினால் மாற்றம் டிஸ்க்குக்கும் போய்ச் சேரும். மூன்றாவதாக, டிஸ்க்குக்குப் போகும் வேலைகளின் வரிசைக்கான கோப்புகளுக்கு நடுவே 'ரைட் கேஷ்' என்று ஒன்று உண்டு. இதில் எழுதினால் மாறுவது டிஸ்க்கைப் பற்றிக் கர்னல் வைத்திருக்கும் எண்ணம் மட்டுமே, டிஸ்க் மாறாது. கர்னலின் ஆவணமே இதைச் சொல்லி, இது ஆபத்தாகலாம் என்று எச்சரிக்கிறது. நினைவகத்தை அணைத்துவிட்டதாக நினைத்து அங்கே 'ரைட் த்ரூ' (நினைவகத்தில் நிறுத்தாமல் நேராக எழுதும் முறை) என்று எழுதினால், இனி இறக்கி எழுதச் சொல்லத் தேவையில்லை என்று கர்னல் முடிவு செய்து அந்தக் கட்டளையையே நிறுத்திவிடும். டிஸ்க்கோ பழையபடி நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டே இருக்கும். பாதுகாப்புக்காகச் செய்தது இருந்த பாதுகாப்பையும் எடுத்துவிடும்.

ஓர் அலுவலகத்தின் சர்வரில் இதை நான் நேரில் கண்டேன். யூபிஎஸ் பேட்டரி மாற்றப் போயிருந்தபோது, வழக்கப்படி டிஸ்க்கின் நிலையையும் பார்த்தேன். டிஸ்க்கிடம் கேட்டால் எழுத்து நினைவகம் இயங்குகிறது என்றது. கர்னலின் கோப்பைப் படித்தால் 'ரைட் த்ரூ' என்று இருந்தது. முன்பு பணியில் இருந்த யாரோ, நல்லெண்ணத்தோடு, கணினி தொடங்கும்போதெல்லாம் அந்தக் கோப்பில் எழுதும்படி ஒரு வரி சேர்த்துவைத்திருந்தார். கோடையில் ஒரு நாளைக்கு நான்கு முறை கரண்ட் போய்வரும் தெரு அது. பழைய பேட்டரி ஐந்து நிமிடம்கூடத் தாங்காத நிலையில் இருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டுத்தான் புதுப் பேட்டரியைத் தொட்டேன்.

டிஸ்க் ஓடிய மணிநேரம் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ பழைய டிஸ்க் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். சாட்டா டிஸ்க்குகளின் ஸ்மார்ட் தகவலில் இதற்கென ஒன்பதாம் எண் பண்பு இருக்கிறது. ஆனால் சில பழைய டிஸ்க்குகள் அதை நிமிடத்திலும், சில அரை நிமிடத்திலும், சில நொடியிலும் எண்ணின. எந்த மாதிரி எப்படி எண்ணும் என்று ஒரு பெரிய பட்டியலைத் தொகுத்துப் பராமரித்துவருகிறார்கள், ஸ்மார்ட் கருவிகளைக் கட்டணமின்றி உருவாக்கித் தரும் தன்னார்வலர்கள். அவர்கள் உழைப்பு இல்லாவிட்டால் என் போன்றவர்களுக்குக் கண் தெரியாது. என்விஎம்ஈ தரநிலை இந்தக் குழப்பத்தைப் பெரும்பாலும் நீக்கிவிட்டது. அதிலும்கூட, எழுதிய தரவின் அளவை 512 பைட்டின் ஆயிரம் மடங்கை ஓர் அலகாகக் கொண்டு சொல்கிறது என்பதை அறியாமல் வெறும் 512-ஆல் பெருக்குபவர், நன்றாக உழைத்துத் தேய்ந்த எஸ்எஸ்டியைப் புதிது என்று நம்பிவிடுவார்.

இதை எல்லாம் ஒரே நாளில் மாற்றிவிட முடியாது என்பதை அறிவேன். 'சைஸ்' கோப்பு 512 கணக்கில் எண்ணும் என்று நம்பி எழுதப்பட்ட நிரல்கள் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன. இப்போது அதைப் பைட்டாக மாற்றினால் அத்தனையும் உடைந்துவிடும், உடைக்கக் கூடாது என்ற கர்னல் உருவாக்குநர்களின் பிடிவாதம் சரியானதே. அதற்கு வழி, பழைய வாசலை அப்படியே விட்டுவிட்டு, அலகைப் பெயரிலேயே தாங்கிய புது வாசலைத் திறப்பது. இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. டிஸ்க்கின் அளவை 512 பைட் துண்டுகளாகத் தந்துவந்த பழைய அழைப்புக்குப் பக்கத்தில், நேராகப் பைட் கணக்கில் 64 பிட் எண்ணாகத் தரும் புதிய அழைப்பைச் சேர்த்தார்கள். பழைய நிரல்களும் ஓடின, புதியவை குழப்பமின்றி எழுதப்பட்டன. வெப்பக் கண்காணிப்புப் பகுதியிலும் இந்த ஒழுங்கு ஓரளவு உண்டு. எந்தச் சாதனமாக இருந்தாலும் வெப்பம் மில்லிடிகிரி, மின்னழுத்தம் மில்லிவோல்ட் என்று அங்கே முன்கூட்டியே விதி எழுதிவைத்திருக்கிறார்கள்.

டிரைவருக்குள் செய்யவேண்டியது, என் அறிவுக்கு எட்டியவரை, இன்னும் எளிது. டிஸ்க்கிடம் கேட்பது ஓரிடத்தில் நடக்கவேண்டும். அலகு மாற்றும் கணக்கும் ஓரிடத்தில்தான் இருக்கவேண்டும். எல்லா வாசல்களும் அந்த ஒரே இடத்திலிருந்து எடுத்துக் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு வாசலுக்கும் ஒவ்வொருவர் தனித்தனியே கணக்குப் போடும்போதுதான் ஓரிடத்தில் 273-உம் இன்னோரிடத்தில் 273.15-உம் குடியேறுகின்றன. மதிப்பு இல்லாத இடத்தில் மதிப்பு இல்லை என்றே சொல்லவேண்டும். தான் நினைத்திருப்பதைச் சொல்கிறதா, சாதனத்தைக் கேட்டுச் சொல்கிறதா என்பதும் படிப்பவருக்குத் தெரியவேண்டும். இவற்றைச் சோதித்துப் பார்க்க எல்லா வாசல்களிலும் ஒரே நேரத்தில் கேட்டு ஒப்பிடும் ஒரு சிறு நிரல் போதும். இறுதியாண்டுத் திட்டத்துக்கு என்ன செய்யலாம் என்று கடைக்கு வந்து கேட்கும் மாணவர்களுக்கு நான் சொல்லும் வேலை இதுதான், இதுவரை இரண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள்.

தஞ்சை மாவட்டத்தில் மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த காலத்தை என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். நெல்லை அளப்பதற்கு முன் யாருடைய மரக்கால் என்று கேட்டுக்கொள்வார்களாம். 1956-ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டத்துக்குப் பிறகு அந்தக் கேள்வி மெல்ல மறைந்தது. டிஸ்க் விஷயத்தில் அந்தக் கேள்வியை நாங்கள் இன்னும் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. 931 ஜிபி பற்றிய பதிலுக்குத் திருத்தம் வெளியிடவேண்டும். இனி கணினிப் பக்கத்தில் கொள்ளளவைக் குறிப்பிடும்போது, அது ஆயிரத்தால் வகுத்ததா, 1024-ஆல் வகுத்ததா என்பதையும் ஒரு சொல்லில் சேர்க்கவேண்டும். திருத்தம் வெளிவந்தால் கத்தரித்துக் கடையின் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைப்பேன். அந்தக் கேள்வியோடு வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள்.

இப்படிக்கு,
கணினி பழுது நீக்கும் வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.